பிறவி இதய வால்வுக் குறைபாடு: மலையகக் குடும்பம் எந்தப் பரிசோதனைக்கு, எங்கே போவது?

தடுப்பூசிக்காகக் கொண்டுவரப்பட்ட குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட வைத்தியர், இதயத்தில் ஒரு சத்தம் இருப்பதாகவும் அதைப் பார்க்க வேண்டும் என்றும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிட்டால், பொகவந்தலாவையிலோ இராகலையிலோ அப்புத்தளையிலோ இருக்கும் ஒரு தோட்டக் குடும்பம் அதன் பிறகு எங்கே போவது என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து ஆதார வைத்தியசாலையில் எக்ஸ்ரேயும் ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்துவிட்டு ஆறுதலடையலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையில், மீயொலியால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ பரிசோதனைக்குத் திகதி வாங்கிக் காத்திருக்கலாம். நகரத்துத் தனியார் நிலையத்தில் பணம் கட்டி அந்த வாரமே எக்கோ செய்துகொள்ளலாம். பேராதனைக்கோ கொழும்புக்கோ கடிதத்துடன் போகலாம். கடைசியாக, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காட்டிவிடும் என்ற நம்பிக்கையில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காகக் கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வால்வைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் இதயத்தைப் பார்த்துப் பழகிய ஒருவர் செய்யும் சாதாரண எக்கோவுக்காகவே காசையும் பயணத்தையும் செலவிட வேண்டும். பெரிய இயந்திரங்களின் முறை அதற்குப் பின்னரே வரும், பலருக்கு வராமலே போகும்.

சத்தம் கேட்டது என்பதே நோய் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. ஆரோக்கியமான பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது வளரும் காலத்தில் ஏதோவொரு சமயம் தீங்கற்ற இதயச் சத்தம் கேட்கக்கூடும். மறுபுறம், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 முதல் 10 பேருக்கு ஏதோவொரு பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. இரத்தத்தை ஒரே திசையில் விடும் கதவுகளான வால்வுகளில் மட்டும் பார்த்தால், மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய பெருநாடி வால்வு இரண்டு இதழ்களோடு அமைவது மிகப் பரவலானது. மக்கள்தொகையில் 1 முதல் 2 சதவீதத்தினருக்கு அது உண்டு, அவர்களுள் பெரும்பாலோர் இளமைக்காலம் முழுவதும் அதை அறியாமலே வாழ்கிறார்கள். நுரையீரல் நாடி வால்வு ஒட்டிக் குறுகியிருப்பது, வலப்பக்க முக்கூர் வால்வின் இதழ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கீழிறங்கி அமையும் எப்ஸ்டீன் குறைபாடு, இடப்பக்க இருகூர் வால்வின் இதழ் பிளந்திருப்பது ஆகியவை வேறு சில பிறவி வால்வுக் குறைபாடுகள்.

ஒரு நிலையில் மட்டும் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையின் உதடும் நாக்கும் நீலம்பாரித்தால், பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சிரைத்தால், கை கால் குளிர்ந்து சோர்ந்துபோனால், மிக அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே போக வேண்டும். கருவில் திறந்திருந்த டக்டஸ் என்ற இணைப்புக் குழாய் பிறந்த பின் மூடத் தொடங்கும்போதுதான் கடுமையாக அடைபட்ட வால்வு தன்னை வெளிக்காட்டுகிறது. அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் புரொஸ்டாகிளாண்டின் மருந்தைத் தொடங்குவதற்கு எந்தப் படத்துக்காகவும் காத்திருக்க மாட்டார்கள்.

பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் வலக் கையிலும் ஒரு காலிலும் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் சிறு கருவி படம் எடுப்பதில்லை என்றாலும், இதே வரிசையில் வைத்துப் பேச வேண்டிய ஒன்று. இரண்டு இடங்களிலும் 95 சதவீதத்துக்குக் குறைவாகவோ, கைக்கும் காலுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வேறுபாடாகவோ திரும்பத் திரும்பக் காட்டினால் எக்கோ தேவை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு என்பதால், குறைபாடு இல்லாத குழந்தைக்கும் அளவு சற்றுக் குறைந்து தெரியலாம். ஆகவே ஒருமுறை 94 வந்ததற்காகக் கலங்கிப்போகத் தேவையில்லை, திரும்ப அளக்கச் சொல்வதே சரி. இதைவிட முக்கியமான எல்லை வேறொன்று: இரண்டிதழ் வால்வோ, மிதமாகக் குறுகிய வால்வோ ஒட்சிசனைக் குறைப்பதில்லை. பிறந்தபோது இந்தக் கருவியில் எல்லாம் சரியாக இருந்தது என்பது வால்வுகள் சரியாக இருக்கின்றன என்பதற்கு உறுதியாகாது.

எக்ஸ்ரேயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இதயம் பெருத்திருக்கிறதா, நுரையீரலின் இரத்தக் குழாய்கள் நிறைந்தோ வெறுமையாகவோ தெரிகின்றனவா என்பதை அது காட்டும். எப்ஸ்டீன் குறைபாடு முற்றிய குழந்தையின் இதயம் பெட்டி போல விரிந்து தெரிவதும் உண்டு. வால்வின் இதழ்களை அது காட்டாது. ஈ.சி.ஜி.யும் இதயச் சுவர் தடித்ததற்கான அடையாளத்தைத் தரும், காரணத்தைத் தராது. நடுத்தரமாகக் குறுகிய வால்வு உள்ள பிள்ளைக்கு இவ்விரண்டும் முற்றிலும் சாதாரணமாக வரக்கூடும். பக்கத்திலேயே கிடைக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் இவற்றைச் செய்வதில் தவறில்லை. ஆனால் இவை நன்றாக வந்ததைக் காரணமாக்கி எக்கோவுக்குக் கொடுத்த திகதியைத் தவறவிடுவது பெரிய பிழை.

இனி எக்கோ. 1953ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் (Inge Edler) என்ற இதய வைத்தியரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்சும், உலோகத்தின் உட்புற வெடிப்புகளைத் தேடப் பயன்பட்ட மீயொலிக் கருவியொன்றை மனித இதயத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். எட்லருக்கு அப்போது வேண்டியிருந்தது, இருகூர் வால்வு எந்த அளவுக்குக் குறுகியிருக்கிறது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன் அறியும் வழி. அதாவது, இந்தப் பரிசோதனை பிறந்ததே வால்வைப் பார்ப்பதற்காகத்தான். வினாடிக்குப் பல பத்துப் படங்களாக, அசையும் இதழை அசையும்போதே காட்டுவதில் இன்றும் இதற்கு ஈடில்லை. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம். பால் கொடுத்துத் தூங்கவைத்தோ, தாயின் மடியில் வைத்தோ செய்துவிடலாம். மீயொலி காற்றையும் எலும்பையும் கடந்து போகாது என்பதால் பெரியவர்களின் அகன்ற நெஞ்சில் படம் மங்கும். குழந்தையின் மெல்லிய நெஞ்சிலோ அது மிகத் தெளிவாக விழும்.

படத்தோடு சேர்ந்து வரும் டொப்ளர் அளவுதான் குறுகலின் கடுமையைச் சொல்கிறது. குறுகிய வாயிலில் இரத்தம் பாயும் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீற்றர் என்று அளந்து, அதை வர்க்கித்து நான்கால் பெருக்கினால் வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு மில்லிமீற்றர் இரசத்தில் கிடைக்கும். வேகம் 4 மீற்றர் என்றால் வேறுபாடு 64. பெரியவர்களின் பெருநாடி வால்வில் 4 மீற்றரும் அதற்கு மேலும் கடுமையான குறுகல் என்றே கணிக்கப்படுகிறது. இந்த எளிய கணக்கிலேயே அபாயமும் ஒளிந்திருக்கிறது. மீயொலிக் கதிர் இரத்தம் பாயும் திசைக்கு நேராக அமைய வேண்டும். அது 30 பாகை விலகினால், உண்மையில் 4 மீற்றராக இருக்கும் வேகம் 3.46 என்று பதிவாகி, அழுத்த வேறுபாடு 64க்குப் பதிலாக 48 ஆகிவிடும். 60 பாகை விலகினால் அது 16 ஆகச் சுருங்கி, கடுமையான நோய் இலேசான நோயாக எழுதப்பட்டுவிடும். இயந்திரத்தின் விலை எவ்வளவானாலும் இந்தப் பிழையைத் தானாகத் திருத்திக்கொள்வது அதற்கு அரிது. நெஞ்சின் வலப்புறம், கழுத்தடிக் குழி, விலா எலும்புக் கூட்டின் கீழ் என்று பல இடங்களிலிருந்து பார்த்து மிக உயர்ந்த வேகத்தைத் தேடிப் பிடிக்கும் கைதான் திருத்த வேண்டும். கணக்குச் சரியாக இருந்தும் ஏமாற்றும் நிலைகளும் உண்டு. பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் அழுத்தம் இன்னும் உயர்ந்திருப்பதால் நுரையீரல் நாடி வால்வின் குறுகல் குறைத்துக் காட்டப்படலாம். களைத்துப்போன இதயவறை போதிய இரத்தத்தைத் தள்ளாதபோது, மிகக் கடுமையான குறுகலிலும் வேறுபாடு சிறிதாகவே வரும். அழும் பிள்ளைக்கு அதற்கு மாறாக வேகம் கூடித் தெரியும்.

இரண்டிதழ் வால்வைக் கண்டுபிடிப்பதும் பழக்கத்தைப் பொறுத்ததே. பெருநாடியைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் காட்சியில், மூடியிருக்கும் வால்வை மட்டும் பார்த்தால், இரண்டு இதழ்கள் ஒட்டிய தழும்புக் கோடு மூன்றாவது பிளவைப் போலத் தோன்றி ஏமாற்றும். இதயம் சுருங்கி வால்வு திறக்கும் கணத்தில்தான் வாயில் முக்கோணமாக விரிகிறதா, மீனின் வாயைப் போல நீள்வட்டமாக விரிகிறதா என்பது புலப்படும். அது இரண்டிதழ்தான் என்று உறுதியானால் அங்கே நிறுத்திவிடக் கூடாது. பெருநாடி ஓரிடத்தில் இறுகிப் பிறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டிதழ் வால்வும் இருக்கிறது என்பதால், கழுத்தடிக் குழியிலிருந்து பெருநாடி வளைவையும் பார்த்தாக வேண்டும்.

இதனால்தான் அந்த வாரமே தனியாரிடம் செய்வதா, காத்திருந்து அரசாங்க வைத்தியசாலையில் செய்வதா என்ற கேள்விக்கு, யார் செய்வது என்பதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. தனியார் நிலையத்துக்கு வருகிறவர் பெரியவர்களின் மாரடைப்பையும் இதயப் பலவீனத்தையும் நாள்தோறும் பார்க்கும் திறமையான நிபுணராக இருக்கலாம். ஆயினும் பச்சைக் குழந்தையின் இதயத்தை வயிற்றுப் பகுதியிலிருந்து தொடங்கி, அறை அறையாக, நாளம் நாளமாக ஒழுங்கு பிசகாமல் பார்ப்பது வேறொரு பயிற்சி. சனல் செய்வதற்கு, அதாவது தனியாரிடம் முன்பதிவு செய்வதற்கு, முன் இரண்டு கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்: சிறு பிள்ளைகளுக்குரிய புரோப் (நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவிமுனை) இருக்கிறதா, செய்கிறவர் பிள்ளைகளுக்கு வழக்கமாகச் செய்கிறவரா? இரண்டுக்கும் ஆம் என்றால் பணம் கட்டிச் செய்வதில் நியாயமுண்டு. இல்லையென்றால் அந்தக் காசைப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ, பிள்ளைகளுக்கான இதயச் சத்திரசிகிச்சையும் நடைபெறும் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ போய்வரும் பஸ் கூலிக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பரிசோதனைக்குக் கட்டணமில்லை. ஒரு பயணத்துக்குத் தாயின் ஒரு நாள் பேரும் தகப்பனின் ஒரு நாள் பேரும், அதாவது இருவரின் ஒரு நாள் கூலியும், போகும் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை. அரைகுறையான எக்கோவை ஊரில் செய்துவிட்டு, அதையே திரும்பச் செய்வதற்காக மறுபடியும் கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் இறங்குவது அந்த இழப்பை இரட்டிப்பாக்கும் என்பதுதான் கணக்கு.

பிள்ளை நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, விளையாடிக்கொண்டிருந்தால் சில வாரங்கள் காத்திருப்பதால் பெரும்பாலும் கேடில்லை. எடை ஏறாமல் நின்றாலோ, ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு நோகிறது என்று சொன்னாலோ திகதியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லிக் குடும்ப வைத்தியரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ மீண்டும் கடிதம் கேட்க வேண்டும்.

பள்ளி வயதுப் பிள்ளைகளிடமும் இளம் பெண்களிடமும் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. வால்வு பழுதானது பிறவியிலேயா, வாதக் காய்ச்சலாலா? தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் நெருக்கமாக வாழும் இடங்களில் அதிகம் பரவுகிறது. ஒரு காம்பராவில் ஆறேழு பேர் படுத்துறங்கும் லயங்கள் எனும் தோட்ட வரிசை வீடுகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வி இங்கே ஏன் தவறாமல் கேட்கப்பட வேண்டும் என்பது விளங்கும். வாதக் காய்ச்சல் இருகூர் வால்வின் இதழ்களை நுனியில் தடிக்கச் செய்து, அவை சேரும் மூலைகளை ஒட்டவைக்கிறது. பிறவிப் பிளவோ, தசைத் தூண் ஒன்றே இருந்து இதழ் நாண்கள் எல்லாம் அதிலேயே கட்டப்பட்டிருக்கும் அமைப்போ எக்கோவில் வேறு விதமாகத் தெரியும். வித்தியாசம் பெயரளவிலானது அல்ல. வாதக் காய்ச்சல் என்றால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டும். பிறவிக் குறைபாட்டுக்கு அந்த ஊசி தேவையில்லை. எக்ஸ்ரேயோ சி.டி.யோ இந்தத் தீர்ப்பைத் தர முடியாது.

கருவிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்கும் தாய்மாருக்கு: 18 முதல் 22 வாரங்களுக்குள் கருவின் இதயத்தைப் பார்க்க முடியும். எல்லாக் கர்ப்பிணிகளும் இதற்கென்று மலையிறங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தாய்க்கோ தகப்பனுக்கோ பிறவி இதயக் குறைபாடு இருந்தாலும், முதல் பிள்ளைக்கு இருந்திருந்தாலும், கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்கு நீரிழிவு இருந்தாலும், வழக்கமான ஸ்கேனில் சந்தேகம் எழுந்தாலும் கருவின் இதயத்துக்கென்றே செய்யப்படும் எக்கோவுக்குப் போக வேண்டும். அடைபட்ட வால்வு அப்போதே தெரிந்துவிட்டால், பிரசவத்தை இதயச் சிகிச்சை கிடைக்கும் நகரத்துக்கு அருகில் திட்டமிடலாம். பனிமூட்டமும் மண்சரிவும் பாதையை மறிக்கும் மாதங்களில், பிறந்த மறுநாள் நீலம்பாரித்த குழந்தையை அம்பியுலன்ஸில் ஏற்றுவதோடு ஒப்பிட்டால் இந்தப் பயணத்தின் பெறுமதி புரியும். ஆனால் இரண்டிதழ் வால்வு கருவில் பெரும்பாலும் பிடிபடாது. குறுகலும் 20 வாரத்துக்குப் பின்னர் வளரக்கூடும். நல்லபடியாக வந்த கரு எக்கோ, பிறந்த பின் கேட்கும் சத்தத்தைத் தள்ளிவிடுவதற்குக் காரணமாகாது.

எக்கோவுக்கு அப்பால் உள்ளவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடும்போதுதான் பயனுள்ளவை. உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ, நெஞ்சின் மேலிருந்து படம் தெளிவாக வராத பெரியவர்களுக்கும் சத்திரசிகிச்சை மேடையில் வால்வைச் சீராக்கும்போதும் உதவுகிறது. பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டும் என்பதால் வெறும் ஐயத்துக்காக அதை நாடுவதில்லை.

எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சில்லாதது, ஆனால் ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இதன் பொருள் மயக்க மருந்து. வியப்பாகத் தோன்றலாம், குறுகிய வாயிலின் உச்ச வேகத்தை அளப்பதில் எம்.ஆர்.ஐ. நல்ல டொப்ளரைவிடப் பின்தங்கியது. அது வேகத்தைக் குறைத்தே காட்ட முனையும். அது முந்துவது கசிவில்தான். ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் இரத்தம் திரும்பி ஒழுகுகிறது, வலது இதயவறை எவ்வளவு விரிந்துவிட்டது என்பவற்றை அதைப் போல் துல்லியமாக வேறெதுவும் அளக்காது. நுரையீரல் நாடி வால்வு பலூனால் விரிக்கப்பட்டோ சத்திரசிகிச்சையில் திறக்கப்பட்டோ, பின்னர் கசியத் தொடங்கிய இளைஞருக்குப் புது வால்வு எப்போது தேவை என்பதை முடிவு செய்யும்போது, உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 150 முதல் 160 மில்லிலீற்றர் என்ற வலது இதயவறைக் கொள்ளளவைக் கவனிப்பார்கள். அந்த எண் எம்.ஆர்.ஐ.யிலிருந்து வருவது. அவருக்கு இந்த ஸ்கேன் ஆடம்பரமில்லை. முதன்முதலாகச் சத்தம் கேட்ட நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வீண்.

சி.டி. சில வினாடிகளில் முடியும், பெருநாடியின் விட்டத்தையும் வால்வில் படிந்த சுண்ணாம்பையும் நுட்பமாகக் காட்டும், ஆனால் கதிர்வீச்சும் நாளத்தில் ஏற்றும் மருந்தும் சேர்ந்தே வரும். இரண்டிதழ் வால்வுள்ள பெரியவரின் பெருநாடி விரிந்துகொண்டு போகிறது என்று எக்கோ சொன்னால் சி.டி. எடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 55 மில்லிமீற்றரைத் தாண்டினால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள், குடும்பத்தில் பெருநாடி கிழிந்த வரலாறு போன்ற அபாயங்கள் இருந்தால் 50லேயே. ஆண்டுதோறும் தொடர வேண்டிய இளையவருக்கு, கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், எம்.ஆர்.ஐ.யே மேல்.

இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயொன்றை இதயத்துக்குள் செலுத்திச் செய்யும் கதீற்றர் பரிசோதனை ஒரு காலத்தில் நோயறியும் இறுதி வழியாக இருந்தது. இன்று வால்வுகளில் அது பெரும்பாலும் சிகிச்சைக்காகவே, பலூனால் விரிப்பதற்காகவே, செய்யப்படுகிறது. அதில் கிடைக்கும் அழுத்த வேறுபாடு எக்கோ சொன்னதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம், ஏனென்றால் எக்கோ ஒரே கணத்தின் உச்ச வேறுபாட்டையும், கதீற்றர் வால்வின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு கணங்களில் எட்டப்படும் உச்ச அழுத்தங்களுக்கிடையிலான வேறுபாட்டையும் அளக்கின்றன. நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து கிளினிக்கை விட்டுவிடும் குடும்பங்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

எக்கோ முடிந்த பின் அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியோடு வைத்திருப்பது அவசியம். வால்வுக்கு எத்தனை இதழ்கள், உச்ச வேகம் எவ்வளவு, கசிவு எந்த அளவு, பெருநாடி எத்தனை மில்லிமீற்றர் என்ற நான்கும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வைத்தியரிடமே கேட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை ஒப்பிடப்போவது அந்த எண்களைத்தான் என்பதால், இயன்றவரை அதே இடத்தில் தொடர்வது நல்லது. பெரியவர்களுக்கு இலேசான பெருநாடி வால்வுக் குறுகல் என்றால் 3 முதல் 5 ஆண்டுகளுக்கொருமுறையும், நடுத்தரம் என்றால் 1 முதல் 2 ஆண்டுகளுக்கொருமுறையும், கடுமை என்றால் 6 முதல் 12 மாதங்களுக்கொருமுறையும் எக்கோ போதும். வளரும் பிள்ளைகளுக்கு இடைவெளியை வைத்தியர் சுருக்குவார். இரண்டிதழ் வால்வு உறுதியானவரின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ செய்துகொள்வது விரும்பத்தக்கது; வீட்டில் எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிப்போக முடியாதென்றால், மூச்சு வாங்குகிறவரையும், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணையும் முதலில் அனுப்புங்கள்.